காகிதக் கீறல்களும் டெர்மினல் வைத்தியர்களும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. கொஞ்சம் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. பிராசசர் பட்டியலில் இல்லை, டிபிஎம் 2.0 சிப் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைத் தூக்கிப் போட மனசு வராதவர்கள் லினக்ஸ் பக்கம் திரும்பிப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்படித் திரும்பிப் பார்க்கும் ஒருவனுக்கு என்ன நடக்கிறது? ஹாஸ்டலில் பக்கத்து அறை நண்பன் பென்டிரைவோடு வந்து உபுண்டு போட்டுக் கொடுக்கிறான். வைஃபை வேலை செய்கிறது, சத்தம் வருகிறது, பிரிண்டரைக்கூட அதுவாகவே கண்டுபிடித்துக்கொள்கிறது. பத்து வருடத்துக்கு முன்னால் இதெல்லாம் தவம் இருந்து வாங்க வேண்டிய வரங்கள். மூன்றாம் நாள் போன் வருகிறது.

"டேய், ஓரத்துல இருக்கிற ஐகானை அமுக்கினா விண்டோ வருது. இன்னொரு தடவை அமுக்கினா உள்ள போக மாட்டேங்குதே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா. டெர்மினலைத் தொற. நான் சொல்லச் சொல்ல அடி. ஜிசெட்டிங்ஸ், ஸ்பேஸ், செட், ஸ்பேஸ், ஆர்க் டாட் க்னோம் டாட் ஷெல் டாட் எக்ஸ்டென்ஷன்ஸ் டாட் டேஷ் ஹைஃபன் டு ஹைஃபன் டாக், ஸ்பேஸ், கிளிக் ஹைஃபன் ஆக்ஷன், ஸ்பேஸ், மினிமைஸ்... அடிச்சிட்டியா?"

அடிக்கிறான். வேலையும் செய்கிறது. நண்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. லினக்ஸில் முடியாதது எதுவுமே இல்லை என்று ஒரு குட்டிப் பிரசங்கம் வேறு.

கோளாறே இந்தப் பெருமையில்தான் இருக்கிறது. அந்த ஒரு வரி வேலை செய்ததற்கு என்ன அர்த்தம்? ஐகானை இரண்டாம் முறை அழுத்தினால் விண்டோவைச் சுருக்கும் நிரலை யாரோ ஏற்கெனவே உட்கார்ந்து எழுதிவிட்டார்கள், சோதித்தும் விட்டார்கள். அது உபுண்டுவோடு கோடிக்கணக்கான மெஷின்களுக்குள் போய்த் தூங்கிக்கொண்டிருக்கிறது. உபுண்டு 24.04-இன் செட்டிங்ஸில் அந்த ஐகான் பட்டையின் அளவை மாற்றலாம், இடத்தை மாற்றலாம், தானாக மறைந்துகொள்ளச் சொல்லலாம். இதற்கு மட்டும் ஒரு பொத்தான் இல்லை. கல்யாண விருந்தை முழுதாகச் சமைத்து வைத்துவிட்டு இலை போட ஆளில்லை என்பது மாதிரி!

இந்த வகைக் குறைகளுக்கு உபுண்டுகாரர்களே ஒரு பெயர் வைத்தார்கள்: காகிதக் கீறல். காகித ஓரம் விரலைக் கீறினால் யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை, ஆனால் அன்று முழுக்க எதைத் தொட்டாலும் எரியும். 2009-இல் 9.10 பதிப்புக்கு முன்னால் நூறு காகிதக் கீறல்களைச் சரிசெய்வது என்று ஒரு திட்டம் போட்டார்கள். புதிதாக நிறுவிய உபுண்டுவில் சாதாரணப் பயனர் கண்ணில் படும் குறையாக இருக்க வேண்டும், சரிசெய்வதும் சுலபமாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் பட்டியலில் சேரும். உபுண்டு வரலாற்றில் அதைவிட உருப்படியான யோசனை வந்திருக்குமா என்று தெரியவில்லை. சில பதிப்புகள் போனதும் அந்த வேகம் ஓசைப்படாமல் அடங்கிப்போனது.

அதே உபுண்டுவின் வழுப் பதிவேட்டில் முதல் வழு எது தெரியுமா? சந்தையில் மைக்ரோசாஃப்ட்தான் பெரும்பான்மை என்பது! மார்க் ஷட்டில்வொர்த் 2004 ஆகஸ்டில் தானே பதிவு செய்தது. 2013-இல் அவரே மூடினார். போனும் டேப்லெட்டும் வந்து சந்தையையே மாற்றிவிட்டன என்பது காரணம். உலகத்தைப் புரட்டிப் போடும் வழு முதலாம் எண்ணில், கூடத்தில் மாட்டிய படம் மாதிரி பெருமையாகத் தொங்கியது. விரலைக் கீறும் வழுக்கள் ஆறு இலக்க எண்களில் எங்கேயோ கிடந்தன.

கீறலைப் பற்றி யாராவது புகார் சொன்னால் கிடைக்கும் பதில்கள் மூன்று தினுசு. முதல் தினுசு, மேலே பார்த்த டெர்மினல் வைத்தியம். நோயாளிக்கு நோய் என்னவென்று தெரியாது, மருந்து என்னவென்றும் தெரியாது, மந்திரத்தைத் திருப்பிச் சொன்னால் குணமாகும். அடுத்த பதிப்பு வந்ததும் மந்திரம் மாறிவிடும், அது தனிக்கதை. இரண்டாவது, "இது வழு இல்லை, வடிவமைப்பு." மூன்றாவதுதான் கொடுமை: "கட்டற்ற மென்பொருள்தானே, நீயே திருத்தி அனுப்பு."

மூன்றாவது பதிலை அசலாகவே செய்து காட்டிய ஒருவர் உண்டு. சாட்சாத் லினஸ் டோர்வால்ட்ஸ்! 2005 டிசம்பரில் க்னோம் அஞ்சல் குழுவுக்குப் போய், பயனர்களை முட்டாள்களாக நினைத்தால் முட்டாள்கள்தான் மிஞ்சுவார்கள் என்கிற பொருளில் திட்டிவிட்டு, எல்லோரும் கேடிஈ-க்கு மாறுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். பெரிய சண்டை. பிறகு 2007-இல், தலைப்புப் பட்டையில் மவுஸ் பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பயனரே முடிவு செய்துகொள்ளும்படி தானே நிரல் திருத்தங்களை எழுதி அனுப்பினார். லினக்ஸ் கெர்னலை எழுதியவர், மவுஸ் கிளிக்குக்காக உட்கார்ந்து சி நிரல் எழுதியிருக்கிறார். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் போட்டோ ஏற்ற வந்தவன் என்ன செய்வான்?

அந்தப் போட்டோ ஏற்றும் கதை சுவாரசியமானது. க்னோம் பயன்பாடுகளில் கோப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு பெட்டி திறக்குமே, அதில் படங்களைச் சிறு உருவமாகக் கட்டம் கட்டிக் காட்டும் வசதி வேண்டும் என்று 2004-இல் ஒரு கோரிக்கை பதிவானது. கேமராவிலிருந்து வந்த நானூறு படங்களுக்கும் ஒரு எழுத்துக்கூட்டமும் நான்கு இலக்கமும்தான் பெயர். அதில் பாஸ்போர்ட் போட்டோ எது? பெயரை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், அல்லது கோப்பு மேலாளரைத் தனியாகத் திறந்து, எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு இங்கே வந்து தேட வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி-யில் இந்தப் பாடு இல்லை.

கோரிக்கை எப்போது நிறைவேறியது? 2023 மார்ச்சில், க்னோம் 44-இல்! 2004-இல் பிறந்த குழந்தை ஓட்டுப் போடும் வயதைத் தாண்டிவிட்டது. இணையத்தில் இதை வைத்து ஓட்டாதவர்கள் பாக்கி இல்லை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். இது வெளியே பார்க்கத்தான் சின்ன வேலை. பல்லாயிரம் கோப்புகள் உள்ள போல்டரிலும் திணறாமல் கட்டம் கட்டிக் காட்ட அடியில் இருக்கும் ஜிடிகே நூலகத்திலேயே புதிய பாகங்கள் தேவைப்பட்டன. அவை ஜிடிகே 4-இல்தான் வந்தன. சரி, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அதே பதினெட்டு வருடத்தில் அதே க்னோம்காரர்கள் என்னவெல்லாம் செய்ய நேரம் கண்டுபிடித்தார்கள் என்று பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தது. பழைய டெஸ்க்டாப்பை அடியோடு கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். விண்டோவில் மினிமைஸ், மேக்ஸிமைஸ் பொத்தான்கள் காணாமல் போயின. கணினியை அணைக்கும் கட்டளையையே மெனுவிலிருந்து ஒளித்து வைத்தார்கள். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு பார்த்தால்தான் கண்ணில் படும்! மெஷினை அணைப்பது எப்படி என்று கூகுளில் தேடவைத்த டெஸ்க்டாப் வேறு ஏதாவது உண்டா? 2012-இல் 3.6 வந்தபோதுதான் அணைக்கும் கட்டளை மறுபடி வெளியே வந்தது. அதே 3.6-இல் நாட்டிலஸ் கோப்பு மேலாளரிலிருந்து, ஜன்னலை இரண்டாகப் பிரித்து இரண்டு போல்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும் வசதி போனது. எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் கோப்புக்குத் தாவும் வசதியும் போனது. தட்டினால் உள்ளே உள்ள போல்டர்களை எல்லாம் துழாவிக்கொண்டு தேடல் கிளம்பிவிடும். லினக்ஸ் மிண்ட்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாட்டிலஸ் 3.4-ஐப் பிரித்தெடுத்து நீமோ என்று பெயர் வைத்துத் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். பிறகு 2018-இல் 3.28 வந்தபோது டெஸ்க்டாப் மேல் ஐகான் வைக்கும் வசதியையும் கோப்பு மேலாளரிலிருந்து கழற்றினார்கள்.

உபுண்டு மட்டும் என்ன வாழ்ந்தது? 2010-இல் 10.04 பதிப்பில் விண்டோவை மூடும் பொத்தான்களை வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு மாற்றினார்கள். ஜனங்கள் கூச்சல் போட்டபோது, வடிவமைப்பை ஓட்டெடுப்பில் முடிவு செய்வதில்லை என்று ஷட்டில்வொர்த் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் 11.04-இல் யூனிட்டி வந்தது. 2017-இல் யூனிட்டியைக் கைவிட்டு, 17.10-இல் க்னோமுக்குத் திரும்பியபோது பொத்தான்களும் சத்தமில்லாமல் வலது பக்கத்துக்கே வந்து சேர்ந்தன. ஏழு வருடம் இடது பக்கம் பழகிய கைகளுக்கு யார் பதில் சொல்வது?

புதிதாகக் கட்டுபவருக்குக் கைதட்டல் உண்டு, மாநாட்டில் மேடை உண்டு, செய்தித் தளங்களில் ஸ்கிரீன்ஷாட் உண்டு. எட்டு வருடமாகக் கீறிக்கொண்டிருந்த ஒரு ஓரத்தைத் தேய்த்து மழுப்பியவருக்கு? வெளியீட்டுக் குறிப்பின் கடைசியில் ஒரு வரி வந்தால் பெரிது. ஜேமி ஸவின்ஸ்கி 2003-லேயே இந்த நோயைப் பற்றி எழுதினார். வழுவைப் பதிவு செய்கிறீர்கள், வருடக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. ஒருநாள் அந்த நிரலையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுகிறார்கள், பழைய வழுக்களை மொத்தமாக மூடுகிறார்கள். புதியதில் அதே வழு இருந்தால் மறுபடி முதலிலிருந்து பதிவு செய்யுங்கள் என்கிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் அதில் ஒரு வார்த்தையை மாற்ற வேண்டியதில்லை.

"பாவம், தன்னார்வலர்கள்" என்று சிலர் பரிந்து பேசுவார்கள். இரவில் கண் விழித்து இலவசமாக எழுதுபவர்களை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் க்னோமில் முக்கியமான வேலைகள் பலவற்றைச் செய்பவர்கள் ரெட் ஹேட் போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்கள். உபுண்டுவுக்குப் பின்னால் கேனானிகல் இருக்கிறது. எந்த வேலையை முதலில் எடுப்பது என்று தீர்மானிக்க அங்கே மேலாளர்கள் இருக்கிறார்கள்.

வேறொரு வாதம் கொஞ்சம் கனமானது. ஒவ்வொரு விருப்பத்தேர்வுக்கும் ஒரு விலை உண்டு என்று ஹேவாக் பென்னிங்டன் 2002-இல் எழுதினார். பொத்தான் கூடக் கூட சோதனை கூடும், குழப்பம் கூடும், செட்டிங்ஸ் விமான ஓட்டியின் அறை மாதிரி ஆகிவிடும். மிகச் சரி. ஆனால் அவர் அதோடு சேர்த்துச் சொன்னதைப் பலர் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்: பொத்தான் வைக்காவிட்டால், முன்னிருப்பாக இருப்பது சரியாக இருக்க வேண்டும். பொத்தானையும் எடுத்துவிட்டு முன்னிருப்பையும் கோணலாக வைத்தால் அதற்குப் பெயர் எளிமை இல்லை. ஐகானை மறுபடி அழுத்தினால் விண்டோ சுருங்க வேண்டும் என்பது விண்டோஸிலிருந்து வரும் அத்தனை பேருடைய விரலுக்கும் பழகிப்போனது. அதை முன்னிருப்பாக வைத்துவிட்டால் பொத்தானே தேவையில்லையே!

செய்ய முடியாது என்பதெல்லாம் சும்மா. கேடிஈ-யில் 2022 ஜனவரியில் பதினைந்து நிமிட வழுக்கள் என்று ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். புதிதாக உட்கார்ந்தவன் கால் மணி நேரத்துக்குள் எதில் இடறுகிறானோ அதை முதலில் எடு என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு வாரமும் எத்தனை மிச்சம் என்று வெளிப்படையாக எழுதினார்கள். சுவரில் மார்க் ஒட்டியதும் படிக்கிற பையன்கள் மாதிரி எண்ணிக்கை இறங்கியது. 2024 பிப்ரவரியில் வந்த பிளாஸ்மா 6-இல், ஒரே கிளிக்கில் போல்டர் திறந்துகொள்ளும் பழைய வழக்கத்தையும் முன்னிருப்பிலிருந்து எடுத்துவிட்டு இரட்டைக் கிளிக்குக்கு வந்தார்கள். எத்தனை வருடத்து அடம்! விட்டுக்கொடுத்ததால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடவில்லை. வேறு மாதிரி பழகியவர்களுக்கு மாற்றிக்கொள்ளச் செட்டிங்ஸில் பொத்தானும் இருக்கிறது.

கடைசியாகத் தமிழுக்கு. உபுண்டு 22.04-இல் விசைப்பலகை சேர்க்கலாம் என்று தமிழைத் தேடினால் ஒரு பட்டாளமே வரிசையில் நிற்கிறது. தமிழ்நெட் 99, தமிழ் எண்களோடு தமிழ்நெட் 99, டாப் குறியாக்கத்தில் ஒன்று, டிஸ்கி குறியாக்கத்தில் ஒன்று, இன்ஸ்கிரிப்டில் இரண்டு, இலங்கைக்குத் தனியாக இரண்டு. டாப்பும் டிஸ்கியும் யூனிகோடுக்கு முந்தைய காலத்துச் சரக்கு. தெரியாமல் அதைத் தேர்ந்தெடுத்துத் தட்டினால் திரையில் குப்பை கொட்டும். சரி, முதலில் இருக்கும் தமிழ்நெட் 99-ஐத் தேர்ந்தெடுத்தால்? 'அம்மா' என்று அடிக்க ம விசையை இரண்டு முறை தட்டினால் முதல் மகரத்தின் மேல் புள்ளி தானாக விழ வேண்டும். அதுதான் தமிழ் 99-இன் உயிர். இங்கே விழாது. அந்த விசைப்பலகை அமைப்புக்கு முந்தைய தட்டல் என்னவென்றே நினைவிருக்காது, ஒரு விசைக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான். உண்மையான தமிழ் 99 வேண்டும் என்றால் ஐபஸ்-எம்17என் என்ற பொதி வேண்டும். அது உள்ளே வந்த பிறகுதான் அதே பட்டியலில் இன்னொரு தமிழ் 99 முளைக்கும். இது எதுவுமே அந்தப் பட்டியலில் எழுதியிருக்காது. கணினியில் தமிழ் தட்டவே வராது போல என்று முடிவு கட்டித் தங்கிலீஷில் எழுதப் போனவர்கள் எத்தனை பேரோ!

இதற்குப் புதிய டெஸ்க்டாப் எழுத வேண்டாம், மாநாடு கூட்ட வேண்டாம். டாப், டிஸ்கி வரிகளைப் பட்டியலின் முன்வரிசையிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். தமிழைத் தேர்ந்தெடுத்ததும் "எம்17என் பொதியையும் நிறுவட்டுமா?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். பயனர் ஆமாம் என்று ஒரு தடவை அழுத்தினால் போதும், டெர்மினல் வைத்தியருக்குப் போன் போட வேண்டியிருக்காது :-)