யாருடைய பதக்கம்?

1638ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் நமது வாவிக்கரையில் வந்திறங்கிப் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தனர். கண்டியரசன் அழைத்தான் என்பர். வாவிக்கரை மக்களை எவர் கேட்டார்? அந்த ஒல்லாந்துக்கு, இன்றைய நெதர்லாந்துக்கு, 2021 ஆகஸ்ட் 8இல் சப்போரோ நகரில் எதிர்பாராத வெள்ளிப் பதக்கம் ஒன்று கிடைத்தது. ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் கென்யாவின் கிப்சோகேக்கு அடுத்து வந்தவர் அப்தி நகீயே.

அவர் பிறந்தது சோமாலியாவின் மொகதிசுவில். சிறுவயதில் அகதியாக நெதர்லாந்து, பின்னர் சிரியா, மீண்டும் சோமாலியா, இறுதியில் ஓர் ஒல்லாந்தக் குடும்பத்தின் வளர்ப்புப் பிள்ளையாக மறுபடியும் நெதர்லாந்து. எல்லைக்கோடு நெருங்குகையில் அவர் திரும்பித் திரும்பிக் கையசைத்தார். பின்னால் வந்தவர் பயிற்சித் தோழர் பஷீர் அப்தி. அவரும் மொகதிசுவில் பிறந்தவர், பெல்ஜியத்துக்காக ஓடியவர். இரண்டே விநாடி பின்னால் அவருக்கு வெண்கலம்.

பதக்கத்தைத் தனதென்று கொண்ட அதே நாட்டில், புகலிடக் கதவை அடைப்போமென்ற கட்சி 2023 நவம்பர்த் தேர்தலில் 150 ஆசனங்களில் 37ஐ வென்று முதலிடம் பெற்றது. வேகமாக ஓடும் அகதிக்கு மாலை, ஓட மாட்டாதவனுக்கு முட்கம்பி என்பதா இவர்கள் நியாயம்?

ஆசிரிய நண்பர்களே, நம் கரைக்கும் இந்நோய் புதிதன்று. தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் ஒரே வாவியில் வலைவீசும் இம்மண்ணில், "நீ உண்மையில் எவ்விடத்தான், என்ன குடி?" என்று பிள்ளையை வகுப்பறையிலேயே நிறுத்திக் கேட்பவர் இல்லையா? போர்க்காலத்தில் நம் பிள்ளைகளும் ரொறன்ரோ வரை சென்று கதவு தட்டினர். அவர்கள் என்ன பதக்கம் கொண்டு போனார்கள்?