எந்த நந்தன்?

நந்தன் என்ற பெயரைச் சொன்ன உடனே நெருப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது என்றால் அது நம்ம குற்றமில்லை. அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கதாகாலட்சேபத்தில், கச்சேரி மேடையில், சினிமாவில், எங்கே பார்த்தாலும் ஒரே நந்தன். கைகூப்புவான், அழுவான், தீயில் இறங்குவான். ஆனால் தோழர்களே, இந்தப் பெயரில் ஒரே ஒரு ஆள் இல்லை. புத்தகங்களைத் திறந்தால் நந்தன்கள் வரிசை கட்டி வருகிறார்கள். அரசன், பிக்கு, தோல் வேலை செய்கிறவர், பண்ணையாள். சிலர் இருந்தவர்கள், சிலர் எழுதப்பட்டவர்கள். யார் இருந்தவர், யார் எழுதப்பட்டவர் என்று தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் மட்டும் நம்ம கைக்கு வராமலே இருக்கிறது.

முதலில் தூரத்து நந்தன்களைப் பார்த்துவிடலாம். மகதத்தை ஆண்ட நந்தர்கள் வரலாற்று மனிதர்கள். மகாபத்ம நந்தனைச் சூத்திரப் பெண்ணின் மகன் என்று புராணங்கள் தூற்றுகின்றன; க்ஷத்திரியர்களை ஒழித்துக் கட்டியவன் என்றும் புலம்புகின்றன. அலெக்சாந்தரின் வரலாறு எழுதிய ரோமானியருக்கு எட்டிய செய்தியில் கங்கைக்கரை அரசன் நாவிதர் மகன். அவர்களுடைய செல்வம் பாடலிபுத்திரத்தில் கங்கைக்கு அடியில் கிடந்த சேதி மாமூலனார் வரைக்கும் வந்து அகநானூற்றில் ஏறியிருக்கிறது. இந்த நந்தர்களைச் சாணக்கியன் வேரறுத்த பிறகு தொடங்குகிற நாடகம்தான் விசாகதத்தரின் 'முத்ராராட்சசம்'. அதில் சாணக்கியன், தானே அரியணையில் ஏற்றி வைத்த சந்திரகுப்தனை 'விருஷலா' என்றுதான் கூப்பிடுகிறான். கீழ்ப்பிறப்பே என்று அர்த்தம். ராஜா ஆனாலும் கூப்பிடுகிற வாய் மாறவில்லை, பார்த்தீர்களா! இன்னொரு நந்தன் புத்தருக்குத் தம்பி, சிற்றன்னை மகன். பெண்டாட்டியை விட மனசில்லாமல் மொட்டை அடித்துக்கொண்ட அவனை வைத்து அஸ்வகோஷர் 'சௌந்தரநந்தம்' என்று ஒரு காவியமே எழுதினார். அவனுக்கு எதிராக யாரும் கதவைச் சாத்தவில்லை. அவனை அங்கேயே விட்டுவிடுவோம்.

நம்ம ஊர் நந்தனுக்கு வருவோம். எட்டாம் நூற்றாண்டுச் சுந்தரர் அடியார் பட்டியல் போடும்போது 'திருநாளைப்போவார்' என்று மட்டும் சொல்கிறார். நந்தன் என்ற பெயர் அங்கே இல்லை, சாதியும் இல்லை. பட்டப்பெயர் மட்டும் இருக்கிறது. நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். ஒரு மனிதன் ஏன் நாளைக்கு, நாளைக்கு என்றே சொல்லிக் கொண்டிருப்பான்? வங்கிக் கவுண்ட்டரின் உள்பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் நான். மானியக் கடன் மனுவோடு சேரியிலிருந்து வருகிறவரிடம் மட்டும் 'நாளைக்கு வாப்பா' என்ற சொல் எவ்வளவு சுலபமாக வருகிறதென்று தினமும் கேட்கிறேன். 'நாளை' என்பது போகிறவன் கண்டுபிடித்த சொல் அல்ல.

நம்பியாண்டார் நம்பி வந்து சாதியையும் ஆதனூரையும் சேர்க்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெயரையும் கொடுத்து முழுப் புராணமாக்குகிறார். 37 பாட்டு. அதை நம்ம பிள்ளைகள் படிப்பதில்லை, 'சைவ எழவு' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்கக்கூடாது. நமக்கு எதிராக எழுதப்பட்ட தஸ்தாவேஜுகளை நாம்தான் வரி வரியாகப் படித்தாக வேண்டும். அதில் புலைப்பாடியின் குடிசை, கோழி, நாய்க்குட்டி, தொங்குகிற தோல் எல்லாம் வருகின்றன. நந்தனார் கோயில்களுக்கு என்ன கொடுத்தார் என்ற பட்டியலும் வருகிறது: பேரிகைக்குப் போர்க்கத் தோல், இழுத்துக் கட்ட வார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, பூசைக்குக் கோரோசனை. செத்த மாட்டின் தோல் உள்ளே போகலாம், நரம்பு உள்ளே போகலாம், பித்தத்திலிருந்து எடுத்த கோரோசனை கருவறைக்கே போகலாம். உரித்துக் கொடுத்தவன் மட்டும் வாசலில் நிற்க வேண்டும். தீண்டாமையின் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதவில்லை. சேக்கிழார் அதைப் பக்தி என்று நினைத்து எழுதினார், அது வேறு விஷயம்.

அதே பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வருகிறார். பாணர், அவரும் வெளியே நிறுத்தப்பட்டவர்தான். மதுரையில் அவரை உள்ளே விடச் சொல்லிக் கனவில் உத்தரவு வருகிறது. யாழ் ஈரத்தில் கெடுமென்று பொற்பலகையும் வருகிறது. ஆரூரில் அவருக்கென்று வடக்கே வேறொரு வாசலே திறக்கிறது. நந்தனாருக்கு? திருப்புன்கூரில் நந்திதான் விலகியது, கதவுக்காரர்கள் விலகவில்லை. வெளியே நின்றபடியே பார்த்துவிட்டுப் போ என்ற ஏற்பாடு. தில்லையில் தெற்கு மதில் வாசலுக்கு முன்னால் நெருப்பு. அதிலிருந்து எழுந்து வருகிறவர் ஆதனூர்க்காரர் இல்லை, பூணூலும் சடையுமாக ஒரு வேதிய முனிவர். ஆக, கோயிலுக்குள் போனது யார்? அந்தக் கேள்வியை எண்ணூறு வருஷமாக உருகிப் பாடியே மழுப்பியிருக்கிறார்கள்.

வங்கி லெட்ஜரில் ஒரே பெயரில் இரண்டு கணக்கு இருந்தால் அப்பா பெயரைப் பார்ப்போம், கையெழுத்தைப் பார்ப்போம், முகவரியையும் நிலத்தையும் பார்ப்போம். நந்தனை இப்படிப் பார்த்தால் என்ன? பக்திப் புத்தகங்களில் அவருக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை, பெண்டாட்டி பிள்ளையும் இல்லை. ஆனால் நிலம் இருக்கிறது! சேக்கிழார் சொல்கிறார், ஊரார் விட்ட பறைத்துடவை அவருக்கு உணவுரிமையாக இருந்தது என்று. துடவை என்றால் விளைநிலம். ஊர்த்தொழிலுக்கு ஈடாக விடப்பட்டது, பெரிய சொத்தில்லை. ஆனாலும் உரிமை என்ற சொல் அங்கே இருக்கிறது. ஒரு பண்ணையாரின் கீழே அவர் கூலியாள் என்று சேக்கிழார் எழுதவே இல்லை.

எழுநூறு வருஷம் கழித்து, 1860களின் தொடக்கத்தில், கோபாலகிருஷ்ண பாரதியின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' அச்சுக்கு வருகிறது. இதில் நந்தனுக்குத் துடவை போய்விட்டது. வேதியர் ஒருவரின் பண்ணையாளாகிவிட்டான். சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான், நாற்பது வேலியையும் அறுத்துப் போட்டுவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. பூதகணங்கள் ராத்திரியோடு ராத்திரியாக வேலையை முடிக்கின்றன. இந்த வேதியர் பெரியபுராணத்தில் கிடையாது, பாரதி தஞ்சாவூர் வயலிலிருந்து எடுத்தார். நரிமணத்தில் பிறந்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவருக்குப் பண்ணையாள் நிலைமை கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. நான் அவரைத் திட்டப் போவதில்லை. கடைசியில் அந்த வேதியரை நந்தன் காலில் விழவைத்தாரே, அந்தக் காலத்தில் அது சின்ன காரியமா? ஆனால் அதே பாரதிதான் சேரிக் கிழவர்களையும் நந்தனுக்கு எதிரே நிறுத்துகிறார். நம்ம கருப்பனையும் காட்டேரியையும் நந்தன் வாயாலேயே இழிவுபடுத்துகிறார். முன்னுரைக் கவி கேட்டுப் போனபோது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இலக்கணப் பிழை இருக்கிறதென்று தயங்கினாராம், பிறகு பாட்டைக் கேட்டு உருகிக் கொடுத்தாராம். உ.வே.சா. எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகத்தில் அவருக்குப் பட்ட பிழை இலக்கணப் பிழைதான்.

இந்த நிலமிழந்த நந்தன்தான் அப்புறம் எல்லா இடத்திலும். 1935 படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனார், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியர். 1942இல் ஜெமினிக்காரர்கள் தண்டபாணி தேசிகரை வைத்து எடுத்தார்கள். காந்தியார் தன்னையே வருத்திக்கொண்டு ஜெயித்த உதாரண புருஷனாக நந்தனைக் காட்டினார். வருத்துகிறவனைப் பற்றிப் பேச்சில்லை, வருந்துகிறவனுக்குச் சர்டிபிகேட்! புதுமைப்பித்தன் 'புதிய நந்தன்' எழுதியபோது அந்தக் கதை ரயில் தண்டவாளத்தில் சாவில் முடிந்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகம் (1978) அந்த நெருப்பைச் சதி என்றே மேடையில் காட்டியது. அவரே 'குருதிப்புனல்' நாவலும் எழுதியவர், கீழ்வெண்மணியை வைத்து. 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். பாதிக்கு மேல் பெண்களும் பிள்ளைகளும். அந்த நெருப்பிலிருந்து யாரும் பூணூலோடு எழுந்து வரவில்லை. அரைப்படி நெல் கூடக் கேட்டவர்கள், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நடுவே இன்னொரு நந்தன். அயோத்திதாசப் பண்டிதர் 'தமிழன்' பத்திரிகையில் எழுதிய 'இந்திரர் தேச சரித்திர'த்து நந்தன். அவன் பண்ணையாள் இல்லை, அரசன். பௌத்த அரசன். வேடதாரிகள் வந்து நிற்கும்போது நீங்கள் யார், எங்கிருந்து வந்தீர்கள் என்று விசாரிக்கிறவன். கைகட்டி உத்தரவு கேட்கிற நந்தனையே பார்த்துப் பழகிய நமக்கு, உட்கார்ந்து கேள்வி கேட்கிற நந்தன் புதுசு. சூழ்ச்சியால்தான் அவனும் சாகிறான். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வரும்வரை இந்த நந்தனைப் பலருக்குத் தெரியாது.

வந்த பிறகும் என்ன ஆயிற்று? 'இதெல்லாம் பண்டிதரின் கற்பனை, ஆதாரம் இல்லை' என்று பேராசிரியர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். சரி சாமி. பாரதி புத்தகத்துக்கும் சரித்திரம் என்றுதானே பெயர்? அரசன் நந்தனிடம் கல்வெட்டு எங்கே என்று கேட்கிறவர்கள், தீயிலிருந்து பூணூலோடு வந்த நந்தனிடம் ஏன் கேட்பதில்லை? நந்தி நகர்ந்தது வரலாறு, நந்தன் ஆண்டது கட்டுக்கதை, இது என்ன நியாயம்? அயோத்திதாசர் எழுதிய ஒவ்வொரு வரியும் நடந்ததுதான் என்று சாதிக்க நான் வரவில்லை. கதைக்குக் கதை என்று எடுத்துக்கொண்டாலும், ஒரு கதை நம்மைத் தீக்கு அனுப்புகிறது, இன்னொன்று நிலத்துக்கும் நூலுக்கும் நாம் உரிமைக்காரர்கள் என்கிறது. எந்தக் கதையை யார் எழுதினார்கள், எதற்கு எழுதினார்கள் என்பதுதான் என் கேள்வி.

இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம்ம தோழர்கள் சேரியில் ஒரு இரவுப் பள்ளி தொடங்குகிறார்கள். நந்தனார் பெயர் வைக்கலாம் என்கிறார்கள் பெரியவர்கள். வெந்து செத்த அடிமையின் பெயர் நமக்கு எதுக்கு, அம்பேத்கர் பெயர் போதும் என்கிறார்கள் கல்லூரிப் பிள்ளைகள். வாக்குவாதம் சூடாகி என்னிடம் அபிப்பிராயம் கேட்டார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு தகவல். அம்பேத்கர் 1948இல் 'தீண்டப்படாதவர்கள்' நூலை மூன்று பேர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். ரவிதாஸ், சோகாமேளா, நம்ம நந்தனார். இதே அம்பேத்கர்தான், அடியார்கள் கடவுளுக்கு முன்னால் எல்லாரும் சமம் என்றார்களே தவிர மனிதனுக்கு மனிதன் சமம் என்று போராடவில்லை என்று காந்திக்கு எழுதிய பதிலில் அடித்துச் சொன்னவர். இரண்டும் அவர்தான். பக்தியை ஏற்கவில்லை, பெயரையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் புத்தகத்தின் வாதம் என்ன? தீண்டப்படாதவர்கள் பழைய பௌத்தர்கள், பார்ப்பனியத்துக்குத் தலைவணங்காததால் ஒதுக்கப்பட்டவர்கள் என்பது. நந்தனாருக்குக் காணிக்கையான புத்தகத்துக்குள், அயோத்திதாசரின் நந்தன் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இல்லையா?

பெரியவர்களுக்கும் ஒன்று. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கியபோது, எந்த ஊரில் அந்தப் பெயர் நெருப்பில் போனதோ அந்த ஊரிலேயே பிள்ளைகள் கையில் சிலேட்டைக் கொடுத்தார். பெயர் வைப்பது அப்படி இருக்க வேண்டும். படம் மாட்டி மாலை போட்டுத் தீக்குளிப்பைக் கதையாகச் சொல்வதற்கு ஒரு பள்ளி வேண்டாம். 2024இல் 'நந்தன்' என்றே ஒரு படம் வந்தது. தனி ஊராட்சியில் தலைவர் நாற்காலிக்குப் பொம்மையாக நிறுத்தப்படும் நம்ம ஆளின் கதை. பொம்மையாக இருக்க மறுத்த மேலவளவு முருகேசனை 1997இல் கூட வந்தவர்கள் ஐந்து பேரோடு வெட்டிக் கொன்றதை நாம் பார்த்தோம்.

'ஆர்' விகுதி வேண்டாம், நந்தன் என்றே போடலாம் என்று ஒரு தோழர் சொல்கிறார். அதில் எனக்கு உடன்பாடில்லை. தாத்தாவையும் டேய் என்று கூப்பிட்ட தெருக்களைத் தாண்டித்தான் நாம் வந்திருக்கிறோம். சேக்கிழாரே 'ஆர்' கொடுத்திருக்கிறார், நாம் ஏன் பிடுங்க வேண்டும்?

பெயரை அந்த ஊர்க்காரர்களே முடிவு செய்யட்டும். ஆனால் பலகை எழுதுவதற்கு முன்னால் நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம் என்று கேட்டிருக்கிறேன். முதல் ஞாயிறு சேக்கிழாரின் 37 பாட்டு, இரண்டாவது பாரதி, மூன்றாவது அயோத்திதாசர், நான்காவது அம்பேத்கரின் 1948 நூல். பாட்டு மட்டும் தெரியும் என்கிறவர்களும் வரலாம். பறைத்துடவை என்ற சொல் வருகிற இடத்தில் நிறுத்தி, அந்த ஊரின் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று 'அ' பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல ஒரு தோழர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.