தனித்தவமும் தாயின் கடனும்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தோர்க்குத் துறவிகளின் குகை புதிதன்று. சுருளி அருவியை அடுத்த மலைக் குகைகளில் தவசிகள் உறைந்தனர் என்பது வழிவழி வந்த பேச்சு. உத்தமபாளையத்துப் பாறையொன்றிலே தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாய்ச் செதுக்கப்பெற்றுள்ளன. ஆங்குள்ள வட்டெழுத்துக்களில் அச்சணந்தி என்னும் சமண முனிவரின் பெயரும் காணப்படுகிறது. ஆதலின், உலகை விட்டொதுங்கும் ஆசை எம் நாட்டு இளைஞர் உள்ளத்தில் எழுதல் வியப்பன்று.

சென்ற கோடை விடுமுறையில், என்னுடன் பள்ளியிற் பயின்ற கிறிஸ்தவ நண்பரொருவர், சுருளியாற்றங்கரையில் அமர்ந்து, "இனி வீடு திரும்பேன், அந்தோனியாரைப்போலும் சிமியோனைப்போலும் தனித்திருந்து கடவுளைத் தியானிப்பேன்" என்றார். அவர் தாயார் கைம்பெண். திராட்சைப் பந்தலின்கீழ்க் கூலிவேலை செய்து மகனைப் படிக்கவைப்பவர். தங்கையொருத்தியும் உண்டு. அன்று யான் விடை கூற இயலாது வாளாவிருந்தேன். பின்னர்ப் படித்தும் ஆராய்ந்தும் கொண்ட கருத்தையே ஈண்டு எழுதுகின்றேன்.

ஆதித் துறவிகளை இகழ்தல் என் நோக்கமன்று. அவரைச் சோம்பேறிகளென்று சிலர் ஏசுவர், அஃது அறியாமையேயாம். கி.பி. 313-க்குப் பின் அரசரின் ஆதரவு பெற்ற திருச்சபையிலே சுகமும் பதவியும் பெருகத் தொடங்கின. அக்காலத்தில், செல்வம் இன்றியும் மனிதன் கடவுளோடு வாழக்கூடும் என்பதை எகிப்திய வனாந்தரத்தார் தம் வாழ்வினாலே காட்டினர். அக்கண்டனம் சபைக்கு வேண்டியதாயிருந்தது.

ஆயினும், நண்பர் காட்டிய சான்றோர் இருவரும் அவர் கட்சிக்குத் துணை நில்லார். சுமார் 251-ஆம் ஆண்டிற் பிறந்த அந்தோனியார், பெற்றோரை இழந்தபின், தம் நிலபுலங்களைத் துறந்தார். எனினும் தங்கையை நம்பத்தக்க கன்னியரிடம் ஒப்புவித்த பின்னரே தவவாழ்வு மேற்கொண்டார். பாழ்ங்கோட்டை ஒன்றில் ஏறத்தாழ இருபது ஆண்டு தனித்திருந்த அவர், 311-ஆம் ஆண்டில் விசுவாசிகள் துன்புறுத்தப்பட்டபோது, அலெக்சாந்திரியா நகருக்கு இறங்கி வந்து, சிறையிலும் சுரங்கங்களிலும் வருந்தியோர்க்குப் பணிவிடை செய்தார். பிறர் அப்பஞ் சுமந்து வருந்தலாகாதென்று மலையடியிலே தாமே நிலந்திருத்திப் பயிரிட்டார். அவருடைய தனிமை பிறர்க்குச் சுமையாயிற்றில்லை.

சிரியா நாட்டுச் சிமியோனோ, தூணின்மேல் ஏறத்தாழ 36 ஆண்டு நின்று 459-இல் உயிர்நீத்தவர். இளமையில் அவர் மேற்கொண்ட கடுந்தவத்தைக் கண்டு அஞ்சிய மடத்தார் அவரை வெளியேறச் செய்தனர். பின்னர்த் தூணின்மேலிருந்தபடியே வழக்காளிகளுக்குத் தீர்ப்புக் கூறியும், வந்தவர்க்கு உபதேசித்தும் வாழ்ந்தார். வனவாசிகள் அவரைச் சோதிக்க ஆளனுப்பி, "இறங்கி வருக" என்று பணித்தனர் என்றும், அவர் உடனே ஒரு காலை எடுத்துவைக்கவே, "அங்கேயே நிற்க" என்று விடுத்தனர் என்றும் ஒரு வரலாறு உண்டு. தவத்தினும் கீழ்ப்படிதலையே பெரியோர் பெரிதாக மதித்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, திருச்சபை தானே இவ்விஷயத்தில் வரம்பு வகுத்ததை நண்பர் அறிந்திலர் போலும். நாலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சிறிய ஆசியாவிலுள்ள கங்கிரா நகரிற் கூடிய அத்தியட்சர் சங்கம், இல்லறத்தையும் புலாலுணவையும் பாவமென்று பழித்தவர்களைக் கண்டித்தது. தவத்தைச் சாக்கிட்டுப் பிள்ளைகளைக் கைவிடும் பெற்றோரையும், பக்தியைச் சாக்கிட்டுப் பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளையும் சபைக்குப் புறம்பாக்கி விதித்தது. தாய்தந்தையர்க்குரியதைக் காணிக்கையென்று சொல்லித் தப்பியவர்களை ஆண்டவரே கடிந்துகொண்டாரன்றோ?

பாசில் அத்தியட்சரின் வாழ்வும் ஈண்டுக் கருதத்தக்கது. அவர் எகிப்து முதலிய தேசங்களின் துறவிகளை நேரிற் கண்டு வியந்தவர். ஆயினும் தனிவாசத்தினும் கூட்டுவாசமே சிறந்ததெனத் தெளிந்தார். தனியே வாழ்பவன் தாழ்மையை எவரிடத்துக் காட்டுவான், அன்பை எவர்க்குச் செய்வான் என்பதே அவருடைய வினாவின் கருத்து. செசரியா நகர்ப்புறத்தே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் அவர் அமைத்த இல்லம் அவ்வினாவுக்கு அவரே அளித்த விடையாகும்.

ஆகவே என் துணிபு இதுவே: தனிமை மருந்து போல்வது; அளவோடு கொள்ளின் நலம், அதுவே உணவாயின் கேடு. கடுமையிற் போட்டியிடும் தவம் பெருமைக்கே இடமாகும். தனக்குரிய கடனை அன்னையின் தோளில் ஏற்றிவிட்டு மலையேறுபவன் துறந்தது உலகையன்று, கடனையே. வீட்டிலிருந்துகொண்டே விடியற்காலத்தில் ஒரு நாழிகை மௌனமாய் ஜெபிப்பதும், பகலில் உழைப்பதும், ஆசையை அடக்குவதும் எளிய தவமல்ல. அதனைக் காண்பாரும் இலர், புகழ்வாரும் இலர்.

நண்பருக்கு இதனையே எழுதினேன். அவர் இன்னும் விடையெழுதவில்லை. ஆயினும் இவ்வாண்டு அறுவடையின்போது தாயாருடன் பந்தலின்கீழ்க் கூடை சுமந்தாரென்று ஊரிலிருந்து வந்தோர் கூறினர். மலையோ எங்கும் போய்விடாது. தங்கையின் படிப்பு முடிந்து, தாயாரின் முதுமைக்கும் வழி செய்தபின், அவர் விரும்பினால் சுருளிக்குச் செல்லலாம். அன்று வழியனுப்ப யானும் உடன் செல்வேன்.