பசுமை முத்திரையும் பாழ்படும் கடலும்

‘பிகினி’ என்னும் நீச்சலுடைக்கு அப்பெயர் வந்த வரலாற்றைப் பலர் அறியார். 1946ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், பசிபிக் கடலிலுள்ள பிகினித் தீவுத்திட்டில் அமெரிக்கா அணுகுண்டைச் சோதித்தது. நான்கே நாளில், பாரிசில் லூயி ரேயார் என்பார் தாம் வடிவமைத்த சிறு நீச்சலுடைக்கு அத்தீவின் பெயரைச் சூட்டினார். தீவு மக்கள் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர். அவர்களது மண் நஞ்சாயிற்று. அதன் பெயர் மட்டும் கடைத்தெருவில் விலைபோயிற்று.

கடலின் அழிவைப் பெயராகத் தாங்கிய அதே ஆடை, இன்று கடலைக் காக்க வந்ததாகப் பறைசாற்றப்படுகிறது. மேடுபள்ளமாய் நெய்த துணியில் தைத்த மகளிர் நீச்சற் கீழாடையில் ‘மறுசுழற்சிப் பொருளால் ஆனது’ என்னும் முத்திரை மின்னுகிறது. அம்முத்திரை சொல்வது முழு உண்மையா?

பண்பாட்டுக் காவலர் சிலர் இங்கே முந்திக்கொண்டு, ஆடையின் அளவே குற்றம் என்பர். அது திசைதிருப்பும் வாதம். பெண் எதை உடுத்தி நீந்துவது என்பது அவள் உரிமை. ஆராய வேண்டியது ஆடையின் அளவன்று, அதன் இழை.

பழைய மீன்வலைகளையும் கம்பளங்களையும் வேதிமுறையில் சிதைத்து, மீண்டும் நைலான் இழையாக்கும் முயற்சி பாராட்டுக்குரியதே. ஆனால், மறுசுழற்சிப் பாலியெஸ்டரின் பெரும்பகுதி குடிநீர்ப் புட்டிகளிலிருந்தே வருகிறது. புட்டி மீண்டும் புட்டியாகலாம். மீள்நெகிழ் இழையோடு கலந்து நீச்சலுடையானபின், அதைப் பிரித்தெடுத்துப் புது இழையாக்குதல் அரிதினும் அரிது. சுழற்சி அங்கே அறுபடுகிறது. அதுமட்டுமன்று. செயற்கை இழை புதிதாயினும் பழையதாயினும், துவைக்குந்தோறும் நுண்ணிழைகளை உதிர்க்கும். கடலில் நேரடியாகக் கலக்கும் நுண்நெகிழியில் ஏறத்தாழ 35 விழுக்காடு செயற்கைத் துணிகளைத் துவைப்பதால் வருவது எனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017இல் மதிப்பிட்டது. கடலைக் காப்பதாகச் சொல்லும் ஆடையே கடலில் நெகிழியைத் தூவுகிறது!

மறுசுழற்சி என்னும் சொல் தூய்மைக்குச் சான்றாகாது என்பதை ஜொகூரைவிட அறிந்தவர் யார்? 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் நச்சுக்கழிவு கொட்டப்பட்டது. மாணவர் மூச்சுத் திணறினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோருள், பழைய டயர்களை மறுசுழற்சி செய்யும் நிறுவனமொன்றின் இயக்குநர்களும் இருந்தனர். அதற்கு முந்திய ஆண்டில் சீனா நெகிழிக் கழிவுக்குக் கதவடைத்தபோது, செல்வ நாடுகளின் குப்பை மலேசியாவில் வந்து குவிந்ததும் ‘மறுசுழற்சி’யின் பெயராலேயே. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

ஆகவே, முத்திரையைக் கண்டு மயங்குதல் அறியாமை. இழை எங்கிருந்து வந்தது? அதன் கழிவு எந்த ஆற்றில் கலந்தது? கிழிந்தபின் ஆடை எங்கே போகும்? இம்மூன்றுக்கும் விடை கூறாத வணிகன் பசுமையை விற்கவில்லை. பசுமை என்னும் சொல்லையே விற்கிறான்.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவைக் கற்பிப்பவர் தமிழாசிரியர். பொருளற்ற சொல்லை இனங்காணவும் அவரே கற்பிக்கட்டும். மெர்சிங் கடற்கரைக்கு அப்பால் சீபுத் தீவையும் திங்கித் தீவையும் சூழ்ந்த கடற்புல்லை மேயும் ஆவுளியாவுக்கு விளம்பரம் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தோரே அதற்காகக் கேள்வி கேட்க வேண்டும்.