சும்மா பார்க்கிறோம்!

ராயபுரத்தில் வசிப்பவர்களுக்கு ஜவுளி விஷயத்தில் ஒரு சௌகரியம் உண்டு. தியாகராய நகர் வரையில் போகவேண்டுமே என்று அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கல்யாணமோ, வளைகாப்போ, தீபாவளியோ, எதுவானாலும் வடசென்னைக் குடும்பங்களின் கால்கள் தாமாகவே அந்த வீதிக்குத் திரும்பிவிடும். சென்ற மாதத்தில் நம்முடைய கால்களும் அவ்விதம் திரும்பின. ஜெர்மனி தேசத்தில் சில வருஷம் வாசம் செய்துவிட்டு விடுமுறைக்கு வந்திருக்கும் நம் தமக்கையின் குமாரியும் உடன் வந்தாள்.

கடை வாசற்படியில் கால் வைப்பதற்கு முன்பே, "வாங்கக்கா! வாங்க சார்! பட்டா, காட்டனா? எவ்வளவு விலையிலே எடுக்கட்டும்?" என்று உபசாரம் ஆரம்பமாயிற்று.

"சும்மா பார்க்கிறோம்" என்றாள் நம் மருமகள்.

அந்த வார்த்தை கடைச் சிப்பந்தியான பெண்ணின் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவள் நிழலைப்போல் பின்தொடர்ந்தாள். மருமகள் ஓர் அலமாரியை ஏறிட்டுப் பார்த்தால் அதிலிருந்து பத்துப் புடவைகள் இறங்கின. பார்வையை வேறு பக்கம் திருப்பினால் அங்கிருந்தும் பத்து இறங்கின. கால் மணி நேரத்திற்குள் மேடையின்மேல் பல வர்ணங்களில் ஒரு மலை எழும்பிவிட்டது. மலைக்கு இப்புறம் நாம். அப்புறம் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண்.

ஒன்றும் மனத்துக்குப் பிடிக்கவில்லை. வெறுங்கையுடன் வீதியில் இறங்கினோம். மருமகள் பெருமூச்சு விட்டாள்.

"மாமா! அந்த ஊரில் அரை நாள் கடைக்குள் சுற்றினாலும் ஒருவரும் நம்மைத் தொந்தரவு செய்யமாட்டார்கள். நாமாகப் போய்க் கேட்டால்தான் பதில் சொல்வார்கள். நம் ஜனங்களுக்கு மட்டும் ஏன் இந்த நாகரிகம் வரவில்லை?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த நாகரிகம் மேல்நாட்டாருக்கே பிறவியில் வந்ததல்ல என்பதை நேயர்கள் அறியவேண்டும்.

ஹாரி கார்டன் ஸெல்ப்ரிட்ஜ் என்று ஓர் அமெரிக்கர். சிகாகோ நகரத்துப் பெரிய கடையொன்றில் வேலை பார்த்து முன்னுக்கு வந்தவர். அவர் லண்டனுக்கு வந்திருந்தபோது ஒரு கடைக்குள் நுழைந்தாராம். மேற்பார்வையாளர் எதிரே வந்து, என்ன வேண்டும் என்று வினவினார். "சும்மா பார்க்கிறேன்" என்றார் இவர். அப்படியானால் நடையைக் கட்டலாம் என்று அவருக்கு மரியாதைக் குறைவாகப் பதில் கிடைத்ததாகச் சொல்லுவார்கள். 1909ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 15ஆம் தேதி அதே லண்டனில், ஆக்ஸ்போர்டு வீதியில், அவர் தம் பெயரால் ஒரு பிரம்மாண்டமான கடையைத் திறந்தார். வாங்காதவர்களும் தாராளமாக வந்து பார்க்கலாம் என்பதே அந்தக் கடையின் பெருமையாக விளங்கிற்று.

பாரிஸ் நகரத்தார் இந்த விஷயத்தில் லண்டனுக்கு முந்தியவர்கள். 1852இல் 'போன் மார்ஷே' என்னும் கடையில் பங்காளியாகச் சேர்ந்த அரிஸ்தித் பூசிக்கோ, சரக்குகளின்மேல் விலையை எழுதி ஒட்டினார்; யாரும் உள்ளே வந்து போகலாம் என்றும் ஏற்பாடு செய்தார். அப்படியும், இன்று பாரிஸில் ஒரு சிறு கடைக்குள் நுழைகிறவர் "போன்ழூர்" என்று வந்தனம் சொல்லாமல் சாமானைத் தொட்டால், அவரைப் பண்பு தெரியாதவர் என்றே எண்ணுவார்கள். ஜப்பானிலோ, சிப்பந்திகள் எல்லாரும் உரத்த குரலில் "இரஷ்ஷாய்மாசே" என்று வரவேற்பார்கள். வந்தவர் அதற்குப் பதில் சொல்லவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நம் மருமகளின் ஜெர்மனியைப் பற்றியும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் வால்மார்ட் கம்பெனி 1997இல் அங்கே கடை பரப்பிற்று. வாசலில் நின்று வரவேற்பதும், வாடிக்கைக்காரரைப் பார்த்துப் புன்னகை செய்வதும் அக்கம்பெனியின் சம்பிரதாயம். ஜெர்மானியர்களுக்கு அந்தப் புன்னகை விசித்திரமாகப் பட்டது. 2006இல் கம்பெனி அத்தேசத்திலிருந்து விலகிக்கொண்டது. நஷ்டத்துக்குக் காரணங்கள் பல. ஆயினும் ஊருக்குப் பொருந்தாத புன்னகையும் அவற்றில் ஒன்றாகப் பேசப்பட்டது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, "அப்படியானால் நம் ஊர் வழக்கத்துக்கு என்ன காரணம்?" என்று கேட்டாள் மருமகள்.

காரணம் அலமாரியில் இருக்கிறது. ஜப்பானிலும் ஒரு காலத்தில் ஜவுளிக் கடைக்குப் போனவர்கள் பாயின்மேல் அமர்வார்கள். கடைக்காரன் உள்ளேயிருந்து துணிகளைக் கொண்டுவந்து முன்னே விரிப்பான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான் அங்கே பெரிய கடைகள் சரக்கைக் கண்ணெதிரே பரப்பிவைக்கத் தொடங்கின. அமெரிக்காவிலும் 1916இல் மெம்பிஸ் நகரத்தில் கிளாரென்ஸ் ஸாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்த பிறகே, மளிகைச் சாமானைத் தாமே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளும் வழக்கம் பரவிற்று. சரக்கு கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், பார்ப்பதற்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை. நம் புடவைக் கடையில் சரக்கு மடித்து அடுக்கி, சிப்பந்தியின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நாம் 'சும்மா' பார்ப்பதற்கு இன்னொருவர் எடுக்கவேண்டும், பிரிக்கவேண்டும், மறுபடி மடிக்கவேண்டும். நமக்குச் சும்மா, அவருக்கு வேலை.

துணியைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்த இடமே வண்ணாரப்பேட்டை. 1717 முதல் 1720 வரையில் சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட், திருவொற்றியூருக்கு அருகே நெசவாளர்களைக் குடியேற்றினார். அவர் பெயர்தான் நம் நாவில் தேய்ந்து 'காலடிப்பேட்டை' ஆயிற்று. கம்பெனியார் முதலில் மாதிரித் துணியைப் பார்ப்பார்கள். பிறகு வந்துசேரும் துணியை அதனோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்து, பிடிக்காததைத் தள்ளிவிடுவார்கள். தள்ளின துணி வியாபாரியிடம் திரும்பும். அந்த நஷ்டம் படிப்படியாக இறங்கி நெசவாளியின் வீட்டு வாசலுக்கு வந்து சேரும். பார்க்கிறவன் ஒருவன், அதன் செலவைச் சுமக்கிறவன் வேறொருவன் என்பது அன்றைய ஏற்பாடு.

இந்த ஏற்பாடு இன்றும் அழிந்துவிடவில்லை என்பதை அன்றே கண்ணாரக் கண்டோம். குடையைக் கடையில் மறந்துவிட்டோம் என்பது நினைவுக்கு வரவே, திரும்பிப் போனோம். மலை அப்படியே இருந்தது. மேற்பார்வையாளர் அந்தப் பெண்ணின் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"நாற்பது உருப்படி பிரிச்சுக் காட்டியும் ஒண்ணுகூட விற்கலையா? சும்மா அனுப்பிட்டியா?"

அவள் பதில் பேசாமல் மடித்துக்கொண்டிருந்தாள். நாம் குடையை எடுத்துக்கொண்டு வெட்கத்துடன் வெளியே வந்தோம். அவள் நம்மை நிழல்போல் தொடர்ந்ததற்குக் காரணம் இப்போது விளங்கிற்று. அவளுக்குப் பின்னாலும் ஒரு நிழல் தொடர்ந்துகொண்டிருந்தது.

காசிமேட்டில் மீன் விற்கும் அம்மாளுக்கு இந்தச் சங்கடம் இல்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை கேட்டு, பேரமும் பேசிவிட்டு நழுவப் பார்க்கிறவரின் காதில் நாலு வார்த்தை விழும்படி அவள் சொல்லிவிடுவாள். அதிலும் முதல் போணி ஆவதற்கு முன்பு அப்படி நழுவுகிறவர் பாடு திண்டாட்டந்தான். சரக்கு அவளுடையது, கோபமும் அவளுடையது. முக்கியமாக, அவள் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறாள். ஜவுளிக் கடைப் பெண்ணுக்கோ சரக்கும் சொந்தமில்லை, கோபப்படும் உரிமையும் இல்லை. நெடுங்காலம் உட்காரும் உரிமைகூட இல்லாதிருந்தது.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் வேலை செய்த பெண்கள் இந்த அநியாயத்தை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். அதன் பயனாகக் கேரள அரசாங்கம் 2018இல் சட்டத்தைத் திருத்திற்று. நம் தமிழ்நாட்டிலும் 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் ஒரு புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. வேலை செய்வோர் அனைவருக்கும் இருக்கை அமைத்துக் கொடுக்கவேண்டும். நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்கும்படி செய்யக்கூடாது என்பது அதன் கருத்து. நல்ல சட்டம். ஆனால் நாற்காலி போடுவது சட்டத்தின் வேலையானால், அதில் உட்கார அவகாசம் கொடுப்பது முதலாளியின் வேலை. விற்காமல் போன புடவைக்காகச் சிப்பந்தியைக் கடிந்துகொள்ளும் வரையில், எந்த நாற்காலியும் வெறும் அலங்காரந்தான்.

வாங்குகிறவர்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. பார்ப்பது நம் உரிமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு பணத்துக்குள், என்ன நிறத்தில் என்று முதலிலேயே தெரிவித்துவிட்டால் மலை குன்றாகும். வேண்டாம் என்று தெரிந்த பிறகும் பொழுது போவதற்காக இன்னும் பத்தைப் பிரிக்கச் சொல்லாதிருக்கலாம். புறப்படும்போது, "பிடித்தமானது கிடைக்கவில்லை, நீ நன்றாகத்தான் காட்டினாய், அம்மா" என்று மேற்பார்வையாளரின் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லலாம். அதற்குக் காசு செலவில்லை.

அடுத்த வாரம் மருமகள் அதே கடைக்குப் போகவேண்டும் என்றாள். விலையும் நிறமும் வாசலிலேயே சொல்லியாயிற்று. ஐந்து புடவைகள் இறங்கின. நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கையில், "நான் நிதானமாகப் பார்க்கிறேன், நீ கொஞ்சம் உட்காரேன்" என்றாள் மருமகள். மூலையில் முக்காலி ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதன்மேல் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

அந்தப் பெண் முக்காலியைப் பார்த்தாள். பிறகு மேற்பார்வையாளர் நின்ற திசையைப் பார்த்தாள். "பரவாயில்லைக்கா, பழகிடுச்சு" என்று சிரித்தாள்.

புடவை வாங்கிக்கொண்டு வந்தோம். அந்தச் சிரிப்பு மட்டும் நம் மனத்தைவிட்டு இன்னும் அகலவில்லை.