ஸ்காட்லாந்தின் சுதந்திரமும் ஐரிஷ் வம்சத்தாரும்

2014 செப்டம்பர் 18-ந் தேதி ஸ்காட்லாந்து ஜனங்கள், பிரிட்டனோடு சேர்ந்திருப்பதா, தனித்து ஆள்வதா என்று வோட்டுப் போட்டனர். நூற்றுக்கு 55 பேருக்குச் சற்று அதிகமானோர் பழைய பிணைப்பையே விரும்பினர். தேசத்தின் 32 உள்ளாட்சிப் பகுதிகளில் சுதந்திரத்துக்குப் பெரும்பான்மை கிடைத்தவை நான்கே: கிளாஸ்கோ, வங்காளத்துச் சணலை நெய்து பிழைத்த டண்டீ, மேற்கு டன்பார்ட்டன்ஷயர், வட லானார்க்ஷயர். பஞ்சத்துக்கும் வறுமைக்கும் தப்பி அயர்லாந்தினின்று வந்த கத்தோலிக்கரின் சந்ததியார் திரளாக வாழும் தொழிற்பிரதேசங்கள் இவை. இதை நாம் சாமானிய விஷயமாகக் கருதவில்லை.

இங்கிலீஷ் ஆதிக்கத்தை எதிர்த்த குலத்தார், சுதந்திரம் என்றவுடன் முன்வந்து நிற்பதில் அதிசயமென்ன என்று சிலர் கேட்கக்கூடும். சரித்திரம் அவ்வளவு எளிதன்று. 1916-ல் டப்ளினில் சுட்டுக் கொல்லப்பட்ட ஜேம்ஸ் கானலி எடின்பரோவில் பிறந்தவரே. எனினும் அவருடைய இனத்தார் நெடுங்காலம் ஸ்காட்லாந்து தேசீயவாதிகளைக் கண்டு அஞ்சி, தொழிற்கட்சியையே புகலிடமாகக் கொண்டிருந்தனர். அவ்வச்சத்துக்குத் தக்க முகாந்திரமிருந்தது. ஐரிஷ் ஜாதியாரால் ஸ்காட்லாந்தின் தேசீயத்துக்கு அபாயம் என்று தலைப்பிட்ட அறிக்கையொன்று 1923-ல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுச்சபை முன் வந்தது. சுரங்கத்திலும் கப்பல் துறையிலும் முதுகொடிய உழைத்த ஏழைகளை அபாயமென்றனர், வேதம் ஓதும் பாதிரிமார்! திருச்சபை இதற்காக வருத்தம் தெரிவிக்க 2002-ம் வருஷம் வரை சென்றது. கடலுக்கு அக்கரையில், 1921 முதல் 1972 வரை பெல்பாஸ்ட் பார்லிமெண்டில் பிராடஸ்டண்டுப் பெரும்பான்மையார் கத்தோலிக்கரை நடத்திய விதத்தையும் இவர்கள் கண்டிருந்தனர். எடின்பரோவிலும் அப்படியொரு பார்லிமெண்டு எழுமோ என்று அவர்கள் கலங்கியதைக் கோழைத்தனமென்று நாம் சொல்லமாட்டோம்.

மனம் மாறியது எப்படி? தொழிற்சாலைகள் மூடுண்டு தொழிற்கட்சியின்மேல் நம்பிக்கை தளர்ந்தது ஒரு காரணம். அதனினும் பெரிது, தேசீயவாதிகள் தேசத்தின் எல்லையையே திருத்திக்கொண்டதாகும். 1918-ம் வருஷச் சட்டத்தினால் ஸர்க்கார் பொறுப்பேற்ற கத்தோலிக்கப் பள்ளிகளை அலெக்ஸ் ஸால்மண்டு வெளிப்படையாக ஆதரித்தார். வோட்டுரிமையும் ரத்தத்தைப் பார்த்தன்றி வசிப்பிடத்தைப் பார்த்தே அளிக்கப்பட்டது. அங்கே சட்டப்படி குடியிருந்த இந்தியப் பிரஜைக்கும் அன்று வோட்டு உண்டு.

ஐரிஷ் வம்சத்தார் யாவரும் ஒரே மனத்தினரென்று எண்ணுவதும் பிழையாம். அல்ஸ்டரிலிருந்து குடியேறிய பிராடஸ்டண்டுகளின் மரபைப் போற்றும் ஆரஞ்சு சங்கத்தார், வோட்டுக்குச் சில தினங்களுக்கு முன் எடின்பரோ வீதிகளில் பிரிட்டனை ஆதரித்து அணிவகுத்துச் சென்றனர். லண்டனின் சம்மதமின்றி மற்றொரு வாக்கெடுப்பு நடத்த ஸ்காட்லாந்து பார்லிமெண்டுக்கு அதிகாரமில்லையென 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. காத்திருக்கும் இக்காலத்தில் கிளாஸ்கோ கத்தோலிக்கரை உறுதியான கையிருப்பென்று கணக்கிட்டுச் சும்மாயிராமல், அந்த ஆரஞ்சுக்காரரின் அச்சத்தையும் தேசீயவாதிகள் இதே பொறுமையுடன் கேட்கவேண்டும்.