பி.காம் மாணவர்களுக்கு எந்த நிரல்மொழி?

பி.காம் பாடத்திட்டத்தில் ஒரு நிரல்மொழியைச் சேர்க்கலாம் என்று பேச்சு எடுத்தாலே பதில் தயாராக வருகிறது: பைத்தான். நல்ல மொழிதான், மறுப்பதற்கில்லை. தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் வணிகவியல் படித்தவர்கள் போய் உட்காரும் நாற்காலி எது என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

பெரும்பாலும் அது ஆடிட்டர் அலுவலகத்து நாற்காலி, அல்லது ஏதாவது கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவு. எதிரே எக்செல். மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலை எடுத்து, கொள்முதல் பதிவேட்டோடு பில் பில்லாக ஒப்பிட வேண்டும். அந்தக் கணினியில் புதிதாக எதையும் நிறுவ பல இடங்களில் அனுமதி கிடையாது. பைத்தான் தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எக்செலுக்குள்ளேயே பைத்தான் வந்துவிட்டதே என்பார்கள். 2023-இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது உண்மை. ஆனால் அது ஓடுவது மைக்ரோசாஃப்டின் சர்வரில். மேசைமேல் இருக்கும் கணினியின் கோப்புகளை அதனால் நேராகத் தொட முடியாது.

மிஞ்சுவது விபிஏ. 1993-இல் எக்செல் 5-உடன் வந்த பழைய ஆள். அதன் பாட்டன் பேசிக். 1964-இல் டார்ட்மத் கல்லூரியில் கெமினியும் கர்ட்ஸும் அதை உருவாக்கியதே, அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைப் பயன்படுத்தட்டும் என்றுதான். பி.காம் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான வம்சாவளி கிடைக்காது :)

விபிஏவின் பெரிய பலம் மேக்ரோ ரெக்கார்டர். பதிவு பொத்தானை அழுத்திவிட்டு, வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்தால் போதும்; நிரல் தானாக எழுதப்பட்டிருக்கும். தான் செய்த வேலையின் நிரலைத் தானே படிக்கும்போது பயம் பாதி போய்விடும். மீதிப் பாதியில்தான் பாடமே இருக்கிறது. இந்த மாதம் 200 பில்கள், கூட்டல் பதிவாகிறது. அடுத்த மாதம் 240 பில்கள். மேக்ரோ பழைய 200 வரிசையோடு நின்றுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது, மொத்தம் மட்டும் தப்பாக இருக்கும். ரெக்கார்டருக்கு 'கடைசி வரை ஒவ்வொரு வரிசையாகப் போ', 'தொகை பொருந்தாவிட்டால் சிவப்படி' என்றெல்லாம் எழுதத் தெரியாது. சுழற்சியும் நிபந்தனையும் மாணவர்கள் கையால் எழுத வேண்டியவை. எதற்காக எழுதுகிறோம் என்பது அப்போது சொல்லாமலே புரியும்.

குறைகள் இல்லாமல் இல்லை. எக்செலின் இணையப் பதிப்பில் விபிஏ ஓடாது, கூகுள் ஷீட்ஸிலும் ஓடாது. வைரஸ் பரப்பிய வரலாறும் உண்டு. 1999-இல் மெலிசா படுத்திய பாடு கொஞ்சமல்ல. இணையத்திலிருந்து வரும் மேக்ரோக்களை 2022 முதல் ஆபீஸ் தானாகவே தடுக்கிறது. யாரோ அனுப்பிய மேக்ரோவை ஏன் இயக்கக்கூடாது என்பதற்கே ஒரு வகுப்பு ஒதுக்கலாம்.

கல்லூரி ஆய்வகத்தில் லிப்ரெஆபீஸ் மட்டும்தான் என்றால் கதை வேறு. அங்கே ரெக்கார்டர் எழுதித் தரும் நிரல் படிக்கும்படி இருக்காது. விண்டோஸில் பைத்தான் அதனோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. அங்கே பைத்தானே சரி.

மற்ற இடங்களில் விபிஏவை ஒரு பருவம் நடத்தட்டும். தேர்வில் இலக்கணம் கேட்க வேண்டாம். அந்த 200 வரிசை மேக்ரோவை அச்சடித்துக் கொடுத்து, 240 பில்லுக்கு ஏன் தப்பான மொத்தம் வருகிறது என்று கேட்டால் போதும்.